உரிம அலுவலகத்துக்கு ஒரு கடிதம்

ஆர்லின் நீட்டிய காப்பியை வெல்மா வாங்கவில்லை.

"நீ கலந்தது எனக்குத் தொண்டையில எறங்குமா?" என்றாள்.

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மினசோட்டாவின் ஜனவரி; மண் உறைந்து இறுகிக் கிடந்ததால் ராய்ஸின் சவப்பெட்டியைக் கல்லறைக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பனி இளகினால்தான் குழி.

ராய்ஸ் ஆர்லினின் கணவன், வெல்மாவின் அண்ணன். வியட்நாமில் குண்டுச் சில்லு ஒன்று அவன் மண்டையைத் துளைத்து உள்ளேயே தங்கிவிட்டது. ஊர் திரும்பிய ஆறாம் வருஷம் வலிப்பு ஆரம்பித்தது. மாத்திரை போட்டால் அடங்கும். "ஆளை மந்தமாக்குது" என்று போடமாட்டான்.

அக்டோபரில் பிக்கப் வண்டியை ஓட்டும்போதே வலிப்பு வந்துவிட்டது. வண்டி வீட்டருகே சோளக்காட்டுக்குள் பாய்ந்து நின்றது. மான் குறுக்கே வந்ததாக ஊருக்குச் சொன்னான். மறுநாளே ஆர்லின் ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கு அவன் வலிப்பைப் பற்றி எழுதிப்போட்டாள். உரிமம் போயிற்று. அதன்பின் அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன செவ்வாய், சிகரெட் வாங்க இரண்டு மைல் நடந்து போனவன் சாலையோரப் பள்ளத்தில், பனிக்குள் முகம் புதைந்து கிடந்தான்.

"வண்டி இருந்திருந்தா எங்கண்ணன் நடந்திருப்பானா? இவளை அண்ணின்னு வேற கூப்பிட்டேனே!"

"போதும்மா வெல்மா," என்றார் பாதிரியார்.

"போதாது. அவ வாயால சொல்லட்டும். எதுக்குடி எழுதினே?"

வெல்மாவின் பின்னால் அவள் பேத்தி ஜோலின், ஏழு வயசு, கேக் தட்டோடு நின்றாள். வண்டி சோளக்காட்டுக்குள் பாய்ந்த அன்று பள்ளியிலிருந்து அவளைத்தான் ராய்ஸ் கூட்டி வந்தான். ஆர்லின் காட்டுக்குள் ஓடிப் பார்த்தபோது, உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனின் விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு நினைவு வந்ததும், "பாட்டிகிட்ட சொல்லிடாதே கண்ணு" என்றான். குழந்தை சொல்லவில்லை.

இப்போது ஜோலின் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஆர்லினையே பார்த்தாள்.

"சொல்லுடி!"

"தெனம் சண்டை," என்றாள் ஆர்லின். "ஆத்திரம் வந்துச்சு. எழுதிட்டேன்."

யாரோ மூச்சை இழுத்தார்கள். வெல்மாவின் வாய் கோணியது.

"கேட்டுக்கோங்க எல்லாரும். இவ மூஞ்சியில நான் இனிமே முழிக்க மாட்டேன்."

குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். ஜோலின் திரும்பிப் பார்த்தபடியே போனாள். மற்றவர்களும் கோட்டுகளைத் தேடி எடுத்தார்கள்; ஆர்லினிடம் ஒருவரும் விடைபெறவில்லை.

ஆர்லின் மேஜைத் துணியை உதறி நான்காக மடித்தாள். பிறகு அதைப் பிரித்து, ஓரங்களைச் சேர்த்து, மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள்.