வாவிக்கரை மணமகள்

கண்காட்சிக்கு விளக்கச் சீட்டு எழுத நல்ல கையெழுத்துள்ள ஆள் வேண்டுமென்று பட்டணத்து மிஷன் மண்டபத்திலிருந்து கேட்டு அனுப்பியபோது, தேற்றாத்தீவில் எல்லோரும் என்னைத்தான் காட்டினார்கள். ஊரில் யாருக்குக் கடிதம் எழுதுவதென்றாலும் செசீலியாவிடம்தான் வருவார்கள். வார நாட்களில் எனக்குக் களுவாஞ்சிக்குடிக் கந்தோரில் கிளாக்கர் வேலை. சனிக்கிழமைகளில் பட்டணம் போய் எழுதிக் கொடுக்கச் சம்மதித்தேன். அது 1964ஆம் ஆண்டு.

படங்கள் ஐரோப்பாவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்துக்கு உரியவை. முப்பதுகளில் நம் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பங்குச் சுவாமி ஒருவர் கமராவைச் சுமந்துகொண்டு ஊரூராகத் திரிந்து எடுத்தவை. அவர் இறந்ததும் கண்ணாடித் தகடுகளெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. இப்போது மிஷன் விழாவுக்காகத் தகடுகளையும், அவற்றிலிருந்து கழுவிய பெரிய படங்களையும் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தார்கள். அங்கேயே படித்துப் பட்டம் பெற்ற ஜெயராஜா என்பவர் பொறுப்பாக வந்திருந்தார். அவரும் பட்டணத்துக் கத்தோலிக்கர்தான்.

முதல் சனிக்கிழமை சந்தோஷமாகவே இருந்தது. ஒவ்வொரு தகடாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தகட்டில் எல்லாம் நிறம் மாறித் தெரியும்: வெள்ளை மயிரும் கறுத்த பல்லுமாக மனிதர்கள். தோணியில் வலை இழுப்பவர்கள், வயல் வட்டையில் நெற்சூடு மிதிப்பவர்கள், கோயில் சுற்றுப்பிரகாரம். பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த மிகப் பெரிய படத்தின் துணியை விலக்கினேன். வெள்ளை உடுப்பு, முக்காடு, பூமுடி. இடுப்புவரை தெரிந்த ஓர் இளம் பெண். கீழே இங்கிலீசில் எழுதியிருந்ததை நான் தமிழில் எழுத வேண்டும்: 'வாவிக்கரை மணமகள்.'

அது என் அக்கா பீற்றிஸ்.

"சேர், இது கலியாணப் படமில்ல. எங்கட அக்கா. காய்ச்சலில செத்த அண்டைக்கு எடுத்தது."

ஜெயராஜா தேநீர்க் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "கலியாணமாகாத புள்ள செத்தா மணவாட்டி உடுப்புப் போட்டு அடக்குவாங்க. எனக்குத் தெரியாதா, மிஸ்?"

"தெரிஞ்சா பொறகென்ன?"

"அங்க பேராசிரியர் அப்பிடித்தான் பதிஞ்சு வெச்சிருக்கார். புத்தகத்தின்ட மேலட்டையும் இதுதான். அச்சடிச்சு முடிஞ்சுது. இப்ப போய் இது பிரேதம் எண்டா ஆருக்கு வெக்கம்?"

"எங்களுக்கில்ல."

"எவ்வளவு வடிவா இருக்கு பாருங்க. சனம் சந்தோசமாப் பாத்திட்டுப் போகட்டுமே."

நான் அந்தப் படத்தின் தகட்டைத் தேடினேன். கிடைத்தது. அதில் எல்லாமே இருந்தது. பட்டப்பகலில் எரியும் மெழுகுதிரிகள், மயிரை விரித்துப் போட்டபடி ஓரமாக நிற்கும் அம்மா, கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிறுமியாக நான். கதிரையில் சாய்த்து இருத்தியிருந்த அக்காவின் கால்கள். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. எந்த ஊரில் மணமகளின் கால்விரலைக் கட்டுகிறார்கள்?

"படத்தில கால ஆர் சேர் வெட்டினது?"

"படத்தின்ட அழகுக்கு வெட்டினது."

"அவங்களா, நீங்களா?"

கோப்பையில் கரைய எதுவுமில்லை. அவர் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார். "கால் தெரிஞ்சா சனம் கேள்வி கேக்கும்தானே," என்றார்.

சீட்டை எழுதமாட்டேன் என்று பேனையை மூடினேன். பல்கலைக்கழகத்துக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதினேன்: பெயர், வயது, ஊர், இறந்த விதம். பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றியாம். ஆதாரம் காட்டினால் பரிசீலிப்பார்களாம். சுவாமி எங்களுக்குத் தந்த படத்தை ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒரே ஆதாரம் அவர்களுடைய பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை என்னிடம் கேட்கிறார்கள்!

அம்மாவுக்குச் சொல்லாமல் மறைத்தேன். மறைக்க விட்டார்களா? சுவரொட்டி அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். பக்கத்து வளவு இலட்சுமிப்பிள்ளை மாமி சந்தையிலிருந்து ஓடி வந்தார்.

"ஞானமலரக்கா, உன்ட மூத்தவள் களுவாஞ்சிக்குடிச் சந்தியில கலியாணப் பொம்புளையா நிக்காள் கா! பக்கத்தில சவுக்கார நோட்டிஸ் ஒட்டிக் கிடக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளத்துக்குப் பிறகு அவர் மகளின் முகத்தைக் கண்டதேயில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எப்ப திறக்காங்க?"

திறப்பு நாளில் சொந்தக்காரப் பெண்களும் இலட்சுமிப்பிள்ளை மாமியும் நாங்களுமாக பஸ்ஸில் போனோம். மண்டபத்தில் கதிரை நிறையப் பெரிய மனிதர்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே படத்தின் முன் போய் நின்று, முக்காட்டின் ஓரத்தில் தாடையைத் தொட்டார்.

"தாவாக்கட்டு நான் கட்டினது. இஞ்ச தெரியுது."

பிறகு கொண்டையை அவிழ்த்தார். மாமி அவர் தோளில் கை போட்டார். பெண்கள் வட்டமாகக் கூடினார்கள்.

"கலியாணம் எண்டாங்க, என்ட மகளே! மாப்பிள எங்க, என்ட மகளே! கால்விரல் கட்டவிழ்த்து நீ நடந்து வாறதெப்ப, என்ட மகளே!"

அந்த மண்டபத்தில் அதைக் கேட்டு விளங்காத தமிழர் எவரும் இல்லை. பின்வரிசையில் கிழவர்கள் எழுந்து சிலுவை அடையாளம் போட்டார்கள். திறப்பைப் பார்க்க வந்திருந்த எங்கள் ஊர்த் தையல்காரர் பிலிப்பு தொப்பியைக் கழற்றினார். ஜெயராஜா ஓடி வந்தார்.

"அம்மா, இது கண்காட்சி. சத்தம் போடப்படாது."

"ஓம் மனே. என்ட புள்ளயத்தானே காட்டுறாய்? நாங்க பாக்க வந்திருக்கம்."

மாமி அதற்குள் படத்தை ஆணியிலிருந்து தூக்கிவிட்டார். "ஐயோ, வைங்க! அது பல்கலைக்கழகத்தின்ட சொத்து!" என்றார் ஜெயராஜா.

"ஏன் மனே, பல்கலைக்கழகமா பெத்தது?" என்றார் மாமி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. சட்டத்தை நான்கு பெண்கள் பிடிக்க, வாசல்வரை சனம் வழி விட்டது. வேறு யாரையோ கொண்டு எழுதி ஒட்டியிருந்த சீட்டை நான் கிழித்து ஜெயராஜாவின் கையிலேயே கொடுத்தேன்.

படம் இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறது. கீழே என் கையெழுத்தில் அக்காவின் பெயரும் வயதும் இறந்த நாளும். அம்மா காலையில் அதன் முன்னின்று செபமாலை சொல்கிறார். சொல்லி முடித்ததும் சட்டத்தின் அடிவிளிம்பைத் தடவுகிறார், அங்கே கால் இருக்க வேண்டும் என்பதுபோல.

தகடுகள் கப்பலேறிவிட்டன. அந்தப் புத்தகம் இன்னும் அதே மேலட்டையோடுதான் விற்கிறது. அதனால் நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் அதே கோரிக்கைதான்: என் அக்காவின் கால்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றைத் தாருங்கள்.