வலது கப்பில் ஒரு சத்தம்

நான்காவது ஹெட்போனிலும் அந்தச் சத்தம் இருந்தது. வலப்பக்கம் மட்டும். தாழ்ந்த ஒலி மெல்ல ஏறி வரும்போது, காகிதப் பைக்குள் மாட்டிக்கொண்ட ஈயைப் போல ஒரு ரீங்காரம். ஒலி உச்சிக்குப் போனதும் காணாமல் போய்விடும்.

பிரித்திகா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். விடியற்காலை மூன்றரைக்கு நகரியில் எழுந்து, பக்கத்து ஏகாம்பரகுப்பத்தில் ரயில் பிடித்து, ரேணிகுண்டாவில் ஆறு மணி ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்தவள். மணி பதினொன்று ஆகியிருந்தது. உடம்பு ஈர மூட்டையாகக் கனத்தது.

அந்தக் கம்பெனியில் டீஜேக்களுக்கான பெரிய ஹெட்போன்கள் செய்தார்கள். டீஜேக்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற ஜாதி இல்லை. ஒரு பக்கத்தைக் காதில் அழுத்திக்கொண்டு மறுபக்கத்தைத் திருகித் தள்ளுவார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். கடைசியில் சுருட்டிப் பைக்குள் திணிப்பார்கள். அதனால் ஒரே தொகுப்பாகச் செய்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்து, உடன் வேலை செய்யும் மோனிகாவின் மெஷினில் மாட்டுவார்கள். அது ஹெட்போனின் மடிப்பு மூட்டுகளை மூவாயிரம் தடவை மடக்கி நிமிர்த்தும். அந்தப் பாடுபட்டு வந்ததைப் பிரித்திகா மாட்டிக்கொண்டு, அடித்தொண்டையில் தொடங்கிக் கொசுவின் குரல்வரை ஏறும் ஓர் ஒலியை முழுக்கக் கேட்டு, ஓகே என்றோ ரிஜெக்ட் என்றோ எழுதவேண்டும். மைக் வைத்துச் செய்யும் சோதனைகளெல்லாம் மடக்குவதற்கு முன்பே முடிந்துவிடும். மடக்கிய பிறகு கேட்பது அவள் காது ஒன்றுதான்.

அந்த அறையின் சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குக் கேட்கும். நகரியில் அவள் வீட்டில் ஆறு பவர்லூம்கள் பொழுதெல்லாம் ஓடும். சாப்பிட வா என்று நைனாவைக் கூப்பிடுவதற்குக்கூடக் கையைத்தான் ஆட்டவேண்டும். இந்த அறைக்கு வந்த முதல் நாள், கதவு சாத்தியதும் காரணமில்லாமல் அழுகை வந்தது அவளுக்கு. எங்கோ பனி பெய்கிற ஊரில், துறைமுகத்தைப் பார்த்த மாடியறை ஒன்றில் தனியாக இருப்பதைப் போல நினைத்துக்கொள்வாள். எட்டு மணி நேரம் அந்த ஊர் அவளுடையது.

திங்கட்கிழமை வருடாந்திரக் காது பரிசோதனை. காது கொஞ்சம் மங்கியிருந்தாலும் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மெஷின்களின் இரைச்சலில் நாள் முழுக்க நிற்கவேண்டும்.

ஒரு வாரமாக, தலையணையில் சாயும்போது அவளுடைய வலது காதில் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. லூமின் சத்தம்தான் இன்னும் அடங்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இப்போது இந்த நான்கு ஹெட்போன்களிலும் வலப்பக்கமே சத்தம். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நான்கிலும் ஒரே பக்கம் என்றால் குறை எதில்?

கண்டுபிடிப்பது சுலபம். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினால் போதும். சத்தம் இடது காதுக்கு வந்தால் ஹெட்போனில் குறை. வலது காதிலேயே நின்றால் அவளிடம். அரை நிமிஷ வேலை. அரை மணி நேரமாக அதைச் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசர் சுனில் வந்தார்.

"ஏம்மா, நாலு பீசுக்கு இவ்ளோ நேரமா? மூணு மணிக்கு லாரி."

"வலது பக்கம் சன்னமா ஒரு சத்தம் வருது சார்."

அவர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். பத்து வருஷம் பிரஸ் மெஷினின் இரைச்சலில் நின்ற மனிதர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வழக்கம்போலத் தெலுங்கு கலந்து சொன்னார்.

"எனக்கு ஏமீ கேக்கலை. உன் காது டயர்டா இருக்கும்மா. பர்வாலேது, ஓகே போட்டுடு."

"மடக்குனதுக்கு அப்புறம்தான் வருது சார்."

"ஆறு மாசம் கழிச்சு எவனோ ஒரு டீஜே கல்யாணத்துல கேக்கப் போறான். அவன் வெக்கிற சவுண்டுல அவனுக்கே கேக்காது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஓகே போட்டுவிடலாம். இல்லாத சத்தத்தைக் கேட்டவள் என்று பெயர் வந்தால் திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். பேனாவை எடுத்தாள். முகம் தெரியாத அந்த டீஜே, கூட்டத்துக்கு நடுவே, காதை மூடும் வலது கப்பைத் தட்டித் தட்டிப் பார்ப்பது மனதில் வந்தது. தன் காதுதான் போய்விட்டது என்று அவனும் பயப்படுவானோ?

பேனாவை வைத்தாள். ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

ஈ இடது காதில் பறந்தது.

மற்ற மூன்றையும் திருப்பிப் போட்டுக் கேட்டாள். இடது, இடது, இடது. தாளில் நான்கு முறை ரிஜெக்ட் என்று எழுதிவிட்டு, சுனிலைத் தேடிப் போய், "ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க சார்" என்றாள்.

பிரித்தார்கள். கேபிள் இடது கப்பில்தான் நுழையும். அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் தலைப்பட்டை வழியாக வலது கப்புக்கு இறங்கும். மடக்கி மடக்கி அந்த ஒயர் தளர்ந்து, ஒலி எழுப்பும் சவ்வின் முதுகில் உரசிக்கொண்டிருந்தது. சவ்வில் நகக்கீறல் போல ஒரு கோடு. சுனில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். லாரி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

ஷிப்ட் முடியும்போது நோட்டீஸ் ஒட்டினார்கள். லாட் முழுவதையும் பிரித்து ஒயரை ஒட்டவேண்டும். நாளை ஞாயிறு, எல்லாருக்கும் டியூட்டி.

மத்தியான ரயிலில் மோனிகா வந்து பொத்தென்று பிரித்திகாவின் பக்கத்தில் விழுந்தாள். இருவரும் ஒரே தெரு.

"உன் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்த! நாளைக்குக் கறி எடுத்துக்கினு வரேன்னு எங்க ஊட்டுக்காரு சொல்லிக்கினு இருந்தாரு. ஒரு வேளையாச்சும் நிம்மதியா உக்காந்து துன்னலாம்னு பாத்தேன்."

"உன் மெஷின்தாண்டி கெடுத்துச்சு."

"மெஷின் மடக்கும். நீ கேக்காம இருந்திருக்கலாம் இல்ல? நாய்க்குக்கூட இப்டி காது கெடையாதுடி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "திங்கக்கெழமை உன்னைச் சோதிக்க வர்ற டாக்டரையே நீ சோதிச்சு அனுப்புவே."

பிரித்திகாவும் சிரித்தாள். வண்டி பூடியைத் தாண்டியதும் சிக்னலில் நின்றது. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. வெயிலில் வேலிக்காத்தான் முட்செடி அசையாமல் நின்றது. பெட்டியில் பாதிப்பேர் வாயைப் பிளந்து தூங்கினார்கள். அறைக்குள் இருப்பதைப் போன்ற அமைதி.

அதற்குள், வலது காதில், ஹெட்போனில் கேட்டதைவிட மெல்லியதாக, விடாமல் ஒன்று இரைந்தது. காதை விரலால் அடைத்தாள். உள்ளே இன்னும் தெளிவாகக் கேட்டது. இதைத் திருப்பி மாட்டிப் பார்க்கத் தேவையில்லை.

"மோனிகா, ஏதாச்சும் சத்தம் கேக்குதா உனக்கு?"

"வண்டியே நின்னுகினு கீது. இன்னா சத்தம்?"

பிரித்திகா விரலை இன்னும் அழுத்தினாள். மோனிகா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, காதிலிருந்த விரலைப் பார்த்தாள். தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா?"

"ஒரு வாரம்."

"சுனில் சாருக்குத் தெரியுமா?"

"இல்ல."

மோனிகா அவள் விரலைக் காதிலிருந்து இழுத்துவிட்டாள்.

"திருப்பதியில எங்க அம்மாவுக்குக் காது பாத்தாரே, அந்த டாக்டரு ஞாயித்துக்கெழமையும் இருப்பாரு. காலையில போயிடு. திங்கக்கெழமைக்கு முன்னாடி இன்னான்னு தெரிஞ்சுக்கினு வா."

"நாளைக்கு டியூட்டி."

"எல்லாரையும் வரவெச்சுட்டு நீ மட்டும் லீவா? நல்லா கீதுடி உன் ஞாயம்!" என்றாள் மோனிகா. கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவளை எழச் செய்து இடம் மாறி, இரையும் காது இருந்த வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "உன் பீசையும் சேத்து நான் ஒட்டிக்கிறேன். போய்த் தொலை."

சிக்னல் விழுந்து வண்டி அசைந்தது. மின்விசிறிகள் மறுபடி கடகடத்தன. அந்தச் சத்தத்தில் காதின் இரைச்சல் அமுங்கிவிட, புத்தூர் வரும்வரை பிரித்திகா தூங்கினாள்.