ஒன்றரை மில்லி

தொட்டியின் ஓரத்தில் மண்டியிட்டு, அவள் மூன்றாவது தடவையாக நாசிலைக் குழாயில் திருகினாள். கட்டைவிரல் அளவுப் பித்தளைத் துண்டு. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் குபுக் குபுக்கென்று கொப்பளித்தது. கோலிக்குண்டு அளவுக் குமிழிகள் மேலே வந்து, அவள் முகத்துக்கு நேராக ஒவ்வொன்றாக உடைந்தன.

"உலை கொதிக்கிற மாதிரி இருக்கு, மேடம்," என்றார் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர்.

"பேசாம படுங்க."

பதினோரு நாளாக அவருக்குக் குளியல் இல்லை. வியாதியும் மருந்தும் சேர்ந்து அவர் தோலை நனைந்த காகிதமாக்கியிருந்தன. துணி பட்டால் உரிந்தது. சோப்பு கூடாது, தேய்க்கவே கூடாது என்று சொன்ன நர்ஸ், காலையில் கிளம்பும்போது வாசலில் அவளிடம் மட்டும், "இன்னைக்கோ நாளைக்கோ. கூடவே இருங்க," என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கூடவே இருக்கத்தான் அவர் விடவில்லை. வேலை முடிந்து வந்தால் அரை மணி நேரம் கை கழுவுகிற மனிதர். நகக்கண்ணில் எண்ணெய்க் கறை இருந்தால் சாப்பிட உட்கார மாட்டார். இப்போது தன்மேல் வாடை அடிக்கிறது என்று, அவள் கட்டிலில் உட்கார வந்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "தள்ளி உக்காரு" என்பதுதான் பதினோரு நாளாக அவளுக்குக் கிடைத்த கொஞ்சல். போகிற மனிதர் தன்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டே போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள்.

இத்தனைக்கும் அவள் தொழிலே குமிழிதான். கண்ணுக்குத் தனியாகத் தெரியாத பொடிக் குமிழிகள் கோடிக்கணக்கில் வந்தால் தண்ணீர் பால் போல வெளுக்கும். அந்தத் தண்ணீர் அழுக்கைத் தேய்க்காமலே கிளப்பிவிடும். காய்கறி கழுவவும் மீன்தொட்டிக்கும் என்று அதற்கான குட்டி நாசில்களை வரைகிறவள் அவள். அதைப் பித்தளையில் கடைந்து கொடுத்தவர் அவர். அப்படித்தான் பழக்கம், அப்படித்தான் கல்யாணம். வேலையிடத்து 'மேடம்' கல்யாணத்துக்குப் பிறகும் அவர் வாயை விட்டுப் போகவில்லை.

அவர் படுத்துவிட்டதால் இந்த நாசில்களைக் கடைந்தது புதிதாக வந்த ஆள். அவள் வரைபடத்தை வைத்து இம்மி பிசகாமல் கடைந்திருந்தார். அவளே அளந்து பார்த்துவிட்டாள். பதினாறு வருஷமாக ஓடுகிற வரைபடம், இன்றைக்குப் பார்த்துக் காலை வாரியது.

"அண்ணி, சாதாத் தண்ணியவே ஊத்திடலாமே?" என்றார் கொழுந்தனார், வெந்நீர்க் குவளையோடு கதவருகே நின்றபடி. அண்ணனைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"சும்மா ஊத்தினா அழுக்கு போகாது. தேய்ச்சாகணும்."

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. "அத இங்க குடு."

கழற்றிக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் பித்தளையைத் தடவினார்.

"நல்லா பண்ணியிருக்கான். கை சுத்தம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அதான் வம்பு. காத்துத் துளைய எங்க போட்டிருக்கான்?"

"தொண்டையில. நான் வரைஞ்ச எடத்துல." நாசிலுக்குள் தண்ணீர்ப் பாதை குறுகுகிற இடத்துக்கு அவர்கள் பட்டறையில் தொண்டை என்று பெயர்.

"நான் அங்க போட்டதே இல்ல, மேடம்."

அவளுக்குப் புரியவில்லை.

"ஒன்றரை மில்லி தள்ளித்தான் போடுவேன். தொண்ட முடிஞ்சு விரியுற எடத்துல." கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத தடவ தப்பாத்தான் விழுந்துச்சு. துளை போடுற நேரம் பாத்து நீ பட்டற வாசல்ல வந்து நின்ன. கை தள்ளிடுச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற பண்ணலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ பிடுங்கிட்டு ஓடிட்ட. தண்ணி வெளுத்துச்சு. எல்லாரும் உனக்குக் கை தட்டுனாங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுகிட்டுச் சொல்றது?"

"அதுக்கப்புறம் பண்ணதெல்லாம்?"

"எல்லாத்தையும் தள்ளியேதான் போட்டேன்."

புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் துளை ஏன் தொண்டையில் இருக்க வேண்டும் என்று அவள் பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இவரும் கேட்டிருக்கிறார்.

"பதினாறு வருஷமா வாயத் தொறக்கலயே நீங்க."

"நீ பாடம் எடுக்கிறதக் கேக்க நல்லா இருந்துச்சு."

வெட்கத்தில் காது சுட்டது அவளுக்கு. வெட்கத்துக்கும் மேலே வேறொன்றும் இருந்தது. தன் பேச்சு பொய்த்துவிடாமல் ஒரு மனிதர் இத்தனை வருஷம் பின்னாலேயே ஒன்றரை மில்லி தள்ளி நடந்து வந்திருக்கிறார்.

"கோவமா?"

"இல்லாம? குளிச்சு முடிங்க, வச்சுக்கிறேன்."

துளை போடாத துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. இடத்தை அவர் நகத்தால் கீறிக் காட்டினார். சாப்பாட்டு மேசையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார்கள். கொழுந்தனார் குறட்டால் துண்டைப் பிடித்துக்கொள்ள, விரலால் திருகுகிற சின்ன டிரில்லை அவள் எடுத்தாள். ஆயிரம் துளை வரைந்தவள், ஒன்றுகூடப் போட்டதில்லை.

"அழுத்தாத. அது எறங்குற வேகத்துல விடு," என்றார் அவர்.

பித்தளைச் சுருள் மயிரிழையாகச் சுருண்டு விழுந்தது. ஒரு துளைக்கு முக்கால் மணி நேரம். இதைப் பட்டறையில் யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

மாட்டி, மோட்டாரைப் போட்டாள். சத்தமே இல்லை. சரி, இதுவும் போச்சு என்று குனிந்தபோது தொட்டியின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ புகைந்து பரவியது. நாலு மூச்சுக்குள் தொட்டியின் அடி தெரியவில்லை.

"வெளுத்திடுச்சுங்க."

"சத்தம் வராததுலயே தெரிஞ்சுது."

கட்டிலில் ரெக்சின் விரித்து, தொட்டியை ஒட்டி வைத்து, அவர் கையைத் தூக்கி உள்ளே விட்டாள். "கூசுது," என்றார். வலிக்கிறது என்று சொல்லவில்லை. சிறிது நேரத்தில் தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது. மற்றக் கை, பிறகு கால்கள். கழுத்துக்கும் மார்புக்கும் உள்ளங்கையால் அள்ளி அள்ளி விட்டாள். அவர் தன் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்தார்.

"வா. இப்ப உக்காரு."

அவள் ஒட்டி உட்கார்ந்தாள். அவர் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டார். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதாள்.

"முதுகுதான் அரிக்குது."

"தண்ணி ஆறிடுச்சு. தம்பி வெந்நி கொண்டு வரட்டும், முதுகையும் முடிச்சிடலாம்."

கொழுந்தனார் சமையலறைக்குப் போனார்.

"மேடம், வரைபடத்த மாத்திடு."

"மாத்துறேன்."

"திருத்தினா காரணம் எழுதணுமே. என்ன எழுதுவ?"

"நான் வந்து நின்னேன்னு எழுதுறேன்."

அவர் சிரித்தது தோளில் தெரிந்தது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் கிடந்தது. அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள். தோளில் தலை கனத்தது.

வெந்நீரோடு வந்த கொழுந்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மோட்டாரை அணைக்கச் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"இருக்கட்டும் தம்பி. முதுகு பாக்கி இருக்கு."

இருவருமாக அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கொழுந்தனார் அலமாரியிலிருந்து துண்டை எடுத்து வந்தார். "இனிமே வலிக்காதே, அண்ணி. துணியாலயே தொடச்சிடலாம்."

அவள் அந்தத் துண்டை வாங்கி, நான்காக மடித்து, அவர் கன்னத்துக்கு அடியில் வைத்தாள். வெந்நீரைத் தொட்டியில் கலந்தாள். முழங்கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு குவளை பச்சைத் தண்ணீர் கேட்டாள்.