ஒரே மிஷின், இரண்டு பரீட்சை

சன்னல் ஓரத்து மேசை காலியாக இருந்தது. எவுலாலியா வெளியே நின்று சன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைக்காத குறையாக எட்டிப் பார்த்தாள். கீழே இறக்கி வைத்திருக்கிறார்களா, மூலைக்கு நகர்த்தியிருக்கிறார்களா என்று பரீட்சைக் கூடம் முழுக்கத் தேடினாள். எங்கேயும் இல்லை. டைப்ரைட்டர் போய்விட்டது.

மணிலாவில் இருக்கிற அமெரிக்கர்களின் சர்க்காரில் குமாஸ்தா ஆவதற்குப் பரீட்சை எழுத வேண்டும். டைப்பிஸ்ட் ஆவதற்குப் பரீட்சையும் எழுத வேண்டும், மிஷினும் கொண்டுவர வேண்டும். அறிவிப்பில் அப்படித்தான் போட்டிருந்தது. இலோய்லோ நகரத்தில் சொந்தமாக மிஷின் வைத்திருக்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் டைப்பிஸ்ட் வேலை தேவையில்லை. அறிவிப்பை எழுதிய புண்ணியவானுக்கு இது தோன்றியிருக்காது. அவன் ஊரில் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்குமோ என்னவோ.

எவுலாலியாவின் அப்பா துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவள் வக்கீல் டோன் அனஸ்தாசியோவின் ஆபீசில் சேர்ந்தாள். டைப் அடிக்கக் கற்றுக்கொடுப்பேன், அதுதான் சம்பளம் என்று அவர் சொல்லியிருந்தார். கற்றுக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. அவருக்கே அடிக்கத் தெரியாது. அவளாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அவருடைய மனு, பத்திரம், அவர் மனைவி மாதா திருவிழாவுக்கு அனுப்புகிற நன்கொடைக் கடிதம் எல்லாம் அவள் தலையில்தான். கற்று முடித்த பிறகும் சம்பளம் என்ற பேச்சு வரவில்லை.

ஆனால் மிஷினை மட்டும் தருவதாகச் சொல்லியிருந்தார். சீட்டாடும் சங்கத்தில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரியும் சொல்லியிருந்தார். அவருடைய அக்கா மகன் கிறிஸ்புலோவும் இதே பரீட்சைக்குப் போகிறான். அவனுக்குக் காலையில், இவளுக்கு மத்தியானம். "அவன் எழுதிட்டு மிஷினை மேசையிலயே விட்டுட்டு வருவான். நீ போய் உக்காந்தாப் போதும் இண்டாய்." ஊரில் எந்த இளம்பெண்ணையும் இண்டாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதைச் சொல்லும்போது மட்டும் தலையில் தட்டுகிற மாதிரி இருக்கும்.

வாசல் காவல்காரர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அந்த மிஷினா? வக்கீல் வீட்டுப் பையன் அப்பவே வண்டில ஏத்திட்டுப் போயிட்டானே."

"விட்டுட்டுப் போறதாத்தானே பேச்சு?"

"மாமா கையோட கொண்டுவரச் சொன்னாராம். உனக்குத் தெரியாதா?"

"மணி எப்ப அடிப்பாங்க?"

"பரீட்சை நடத்துற துரை சாப்பிடப் போயிருக்கார். வந்ததும் அடிச்சிருவார். நம்ம மாதிரி தூங்குற ஆள் இல்ல அவர்."

அதுதான் சங்கடம். ஊரே தூங்குகிற நேரம். கடைகளெல்லாம் பலகை போட்டுச் சாத்தியிருந்தன. வண்டிக்காரர்கள் வண்டிக்குள்ளேயே காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். அவள் ஒருவரின் காலைப் பிடித்து ஆட்டினாள்.

"அவசரம், மாமா. வக்கீல் ஆபீசு வரைக்கும் போயிட்டு உடனே திரும்பணும்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "குதிரை தூங்குதும்மா. மூணு மணிக்கு வா."

அவள் ஓடினாள். கஞ்சி போட்டு விறைத்த அகலக் கைகள் வைத்த சட்டையில் ஓட முடியாது. அது நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொள்கிறவர்களுக்காகத் தைத்த சட்டை. பரீட்சைக்காக அம்மா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தது. காலையில் போட்ட சோறும் கருவாடும் தட்டில் அப்படியே கிடக்க, கைமடிப்பைத்தான் அம்மா திரும்பத் திரும்ப நீவிவிட்டாள்.

வக்கீல் ஆபீசு மாடியில். டோன் அனஸ்தாசியோ பனியனும் செருப்புமாகப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். கிறிஸ்புலோ சன்னல் திண்டில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தான். மிஷின் அதனுடைய மேசையில் இருந்தது. உருளையில் புதுத்தாள் கூட மாட்டியாகிவிட்டது.

"வந்துட்டியா, நல்லதாப் போச்சு. ஒரே ஒரு மனு. அடிச்சுக் குடுத்துட்டு மிஷினை எடுத்துக்க."

"மணி அடிக்கப் போறாங்க, டோன் அனஸ்தாசியோ."

"எனக்குத் தெரியாதா? உன்னை அனுப்புறதே நான்தானே. அடி, கைக்கும் பழக்கமாகும்."

பழக்க தோஷம், அவள் உட்கார்ந்துவிட்டாள். மேல்வரியை அடித்தும்விட்டாள். அப்புறம்தான் பக்கத்தில் இருந்த நகலைப் புரட்டினாள். அது புரண்டுகொண்டே போயிற்று.

"இது எப்ப கோர்ட்டுக்குப் போகணும்?"

"அடுத்த வாரம்."

"அப்ப ஏன் இப்ப?"

அவர் ஓலை விசிறியை மடியில் போட்டார். குரல் இன்னும் மெத்தென்று ஆயிற்று. "இங்க பாரு. இவனும் போறான். நீயும் மணிலாவுக்குப் போயிட்டா இந்த ஆபீசுல யாரு இருக்கா? அடுத்த வருஷம் எழுது. பரீட்சை எங்க ஓடிப் போகுது? மிஷினும் இங்கதான் இருக்கும், நானும் இங்கதான் இருப்பேன்."

அடுத்த வருஷமும் இதே நாற்காலி, இதே விசிறி, இதே இண்டாய். அவள் எழுந்தாள். முழங்காலை மடக்கி, மிஷினை மார்போடு அணைத்து மேசை விளிம்புக்கு இழுத்து, தோளைக் கொடுத்து நிமிர்ந்தாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. துறைமுகத்தில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நாளெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

"ஏய், என்ன பண்ற? டேய், பிடிடா அவளை."

கிறிஸ்புலோ இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "கை பூரா மாம்பழம், மாமா."

அவன் உண்மையில் எந்தப் பக்கம் என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நிற்கவும் இல்லை. டோன் அனஸ்தாசியோ படிக்கட்டின் தலைப்புவரை வந்தார். அதற்கு மேல் வர முடியவில்லை. எதிர்வீடு நோட்டரியின் வீடு. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் இல்லாமல் தெருவில் இறங்குவதற்கு அவர் செத்தே போகலாம். "இண்டாய்... இண்டாய்..." என்று யாரையும் எழுப்பிவிடாத குரலில் கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.

தெருவில் வெயில் கொட்டியது. மிஷினின் இரும்புக் கால் கழுத்தோரம் அழுத்தியது. சட்டையின் ஒரு கை நசுங்கித் தொங்கிற்று. வண்டிக்குள் படுத்திருந்தவர் இப்போது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "பொம்பளைப் பிள்ளை சுமக்கிற சுமையா இது?" என்றார். எழுந்திருக்கவில்லை. அவள் நின்றால் மறுபடி தூக்க முடியாது என்று தெரிந்து நிற்காமல் போனாள்.

மணி அடித்தாகிவிட்டது. காவல்காரர் கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தார். "ஓடு, இப்பத்தான் உக்காந்தாங்க."

எங்கெங்கோ இரவல் வாங்கிய மிஷின்களோடு கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பினார்கள். துரை கடிகாரத்தைப் பார்த்தார், அவள் தோளைப் பார்த்தார், காலி மேசையைக் காட்டினார். அவள் இறக்கி வைத்ததும் உருளையில் மாட்டியிருந்த மனுவை உருவி மேசையில் குப்புற வைத்தார். பரீட்சைத் தாளைக் கொடுத்தார்.

"தொடங்கலாம்."

கூடம் முழுக்கக் கல்மழை மாதிரிச் சத்தம் எழுந்தது. எவுலாலியா விசைகளின் மேல் கையை வைத்தாள். கை ஆடியது. விரல்கள் தாமாகவே துள்ளின. இந்தக் கையால் அடித்தால் வரிக்கு வரி பிழை. பிழைக்கு வெட்டுகிற மார்க்கு, குறைவாக அடித்ததற்கு வெட்டுகிற மார்க்கைவிட அதிகம். அது அவளுக்கு மனப்பாடம்.

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதுவரை வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான். மிஷினைத் தூக்கி வந்தது ஒன்றுமே இல்லை. முன்னால் இருந்தவன் தாளின் பாதிக்கு வந்துவிட்டான். துரை இவள் பக்கம் இரண்டு தடவை பார்த்தார். கால் மேசைக்கடியில் தானாகத் தாளம் போட்டது. அதையும் மற்றக் காலால் மிதித்து நிறுத்தினாள். பொறு, பொறு என்று பல்லைக் கடித்தாள். விரல் துள்ளுவது நின்றதும் கையை மேலே எடுத்தாள். பிறகு தலை நிமிரவில்லை.

மணி அடித்தபோது கடைசிப் பத்தி பாக்கி இருந்தது. அடித்த பக்கத்தை ஒரு தடவை படித்தாள். ஒரே ஒரு இடத்தில்தான் விரல் தடுமாறியிருந்தது.

வாசலில் டோன் அனஸ்தாசியோ நின்றார். கோட்டு, தொப்பி, கைத்தடி எல்லாம் சரியாக இருந்தன. துரையிடம் ஆங்கிலத்தில், இந்தப் பெண் என் மகள் மாதிரி என்றார். அவள் பக்கம் திரும்பியபோது குரல் இறங்கிற்று.

"நாளைக்குக் காலைல வந்து மனுவ முடி. இன்னிக்கு நடந்ததை நான் மனசுல வச்சுக்கல."

"நான் வச்சிருக்கேன். வரமாட்டேன்."

"மணிலாவிலேருந்து முடிவு வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும்?"

"தெரியல. மிஷின் உள்ள இருக்கு, ஆளைக் கூட்டிட்டு வந்து எடுத்துக்குங்க."

அந்த மாதங்கள் மோசமாகப் போயின. எந்த வக்கீலும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சர்க்கரைக் கிடங்கில் சாக்குத் தைத்தாள். தபால் கப்பல் வருகிற நாளெல்லாம் கையில் ஊசி குத்திக்கொண்டது. வீட்டில் யாராவது "வந்துதா?" என்று கேட்டால் எரிந்து விழுந்தாள்.

பட்டியல் ஒட்டிய அன்று கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போனாள். கிறிஸ்புலோவின் பெயர் மேலே, நல்ல இடத்தில் இருந்தது. விரலை வைத்துக் கீழே கீழே வந்தாள். அவள் பெயர் கடைசிக்குச் சற்று மேலே இருந்தது. ஆனால் தேறியவர்களுக்குக் கீழே இழுத்திருந்த கோட்டுக்கு மேலே இருந்தது. இரண்டாம் முறை படித்தாள். பின்னாலிருந்து யாரோ, "நகரும்மா, நாங்களும் பார்க்கணும்" என்றார்கள்.

அவள் நகர்ந்தாள். நேரே துறைமுகத்துக்குப் போய், மணிலாவுக்கு அடுத்த கப்பல் என்றைக்கு என்று கேட்டாள்.