டோப்பாக்காரர் பிராண்ட் ஆன கதை

சமையல்காரர் நன்றாகச் சமைத்தால் சாப்பிட்டவர்கள் சொல்வார்கள். தையல்காரர் நன்றாகத் தைத்தால் போட்டுக்கொண்டவர்கள் சொல்வார்கள். டோப்பா செய்கிறவர் நன்றாகச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் அது நன்றாக இல்லை என்று அர்த்தம். இப்படி ஒரு தொழிலைத் தேடிப் பிடித்து, அதில் கெட்டிக்காரர் என்றும் ஆகித் தொலைத்தவர் நம்முடைய டோப்பாக்காரர்.

அவர் கடை ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், பல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தது. தெருப் பக்கம் ஒரு படிக்கட்டு, பின்சந்தில் ஓர் இரும்புப் படிக்கட்டு. தெருப் படிக்கட்டில் ஏறுகிறவர்கள் மின்சார மீட்டர் பார்க்க வருபவரும் அவருடைய மனைவியும்தான். வாடிக்கையாளர்கள் இரும்புப் படிக்காரர்கள். வழியில் யாராவது பார்த்துவிட்டால் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி என்பார்கள். பல் டாக்டருக்கு இதனால் ஒரு வரும்படியும் இல்லை, ராசிக்காரர் என்ற பெயர் மட்டும் கிடைத்தது.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகப் பேச்சுக்குச் சொல்வோம். இவர் நிஜமாகவே மொட்டைத் தலைக்கு முடிச்சுப் போட்டுப் பிழைத்தார். தோல் நிறத்து வலைத்துணியில், கொக்கி ஊசியால், ஒவ்வொரு முடியாக இழுத்து முடிய வேண்டும். கணவனும் மனைவியும் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து முடிவார்கள். முன்நெற்றி வரிசையை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். டோப்பாவின் மானம் முன்நெற்றியில்தான் இருக்கிறது என்பது அவருடைய கட்சி.

அவர் கைவேலைகளிலேயே உசத்தியான வேலை தினமும் மாலைச் செய்தியில் வந்தது. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவரின் தலை அது. ஒரு முறை புயல் வந்தபோது அந்த மனிதரைக் கடற்கரையில் நிறுத்திப் பேசவைத்தார்கள். குடை பறந்தது, பின்னால் பெயர்ப்பலகை பறந்தது, கையிலிருந்த தாள் பறந்தது. தலைமுடி கலைந்ததே தவிர இம்மி நகரவில்லை. கலைந்ததுகூட இயற்கையாகக் கலைந்தது. டோப்பாக்காரர் சோபாவிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். புயல் எந்தப் பக்கம் கரையைக் கடக்கப்போகிறது என்று மனைவி கேட்டதற்கு, முன்நெற்றி இம்மி நகரவில்லை என்றார்.

அன்றைக்குத்தான் அந்த ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், அந்தத் தலை தன்னுடைய வேலை என்று யாராவது சொல்ல வேண்டும். அதைத் தன் காதால் கேட்க வேண்டும். பேராசை என்று சொல்ல முடியாது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவருக்குக்கூடக் கிடைக்கிற சாதாரண மரியாதை அது.

இந்த நேரம் பார்த்து மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவோடு ஒரு பெரிய கடை வந்தது. வாசலில் சினிமா நாயகன் மாதிரி ஒருவன் தலைமுடியைச் சிலுப்பும் பலகை. இரும்புப் படியில் காலடிச் சத்தம் குறையத் தொடங்கியது. மனைவி தன் தம்பியிடம் வருத்தப்பட்டுச் சொன்னாள். குடும்பத்தில் அவனுக்கு ஐடியா மன்னன் என்று பெயர். அவனுடைய ஐடியாக்களால் முன்னேறியவர்கள் என்று யாரையும் காட்ட முடியாது, ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

தனிநபர் பிராண்ட் வளர்ப்பது எப்படி என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்த சூடு அவனுக்கு இன்னும் ஆறவில்லை. மடிக்கணினியைத் திறந்துவைத்து, அக்கா கொடுத்த டீயை ஆறவிட்டு, அத்தானை மேலும் கீழும் பார்த்தான்.

"அத்தான், இனிமே நீங்க டோப்பா விக்கிறவர் இல்ல. நீங்க ஒரு பிராண்ட். எந்தத் தளத்துல கடை விரிக்கிறோம்கிறதுலதான் எல்லாம் இருக்கு."

ஒவ்வொரு தளமாக அலசினார்கள். படம் போடும் தளத்துக்கு முன்பும் பின்பும் என்று இரண்டு படம் வேண்டும். முன்பு இப்படி இருந்தேன் என்று காட்ட ஒரு வாடிக்கையாளரும் சம்மதிக்கவில்லை. 'பின்பு' படத்தை மட்டும் போட்டால் அது வெறும் ஆள் படம். கடைசியில் கடையிலிருந்த பொம்மைத் தலையைப் படம் பிடித்துப் போட்டார்கள். அதற்கு ஒரே ஓர் இதயம் விழுந்தது, போட்டவள் அக்கா. குட்டி வீடியோ தளத்தில் இருப்பவர்கள் எல்லாம் சின்ன வயதுக்காரர்கள். அவர்களுக்கு இன்னும் முடி இருந்தது. குடியிருப்போர் குழுவில் எழுதினால், தொலைந்துபோன பூனைக்கும் தண்ணீர் வராத தெருவுக்கும் நடுவில் பதிவு காணாமல் போனது.

கடைசியில் ஐடியா மன்னன் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தான். உத்தியோகத்தில் இருப்பவர்கள் கோட்டுப் போட்ட படத்தோடு ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் தளம் அது. உத்தியோகம், நடுவயது, கௌரவம், கண்ணாடியில் பார்க்கிற கவலை, எல்லாம் ஒரே இடத்தில். தளத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அத்தானின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

டோப்பாக்காரருக்குத்தான் மனசு கொஞ்சம் இடித்தது. தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"மயிரைக் கட்டி மலைய இழுக்கிறோம் அத்தான். வந்தா மலை, போனா மயிரு."

போவது வெறும் மயிர்தானே என்று டோப்பா செய்கிறவரிடம் சொல்லக் கூடாது. ஆனால் அவன் சொன்னான், இவரும் தலையாட்டினார். அந்த ஆசை அவரை அப்படிப் படுத்தியது. உங்கள் தொடர்புகளை அழைக்கலாமா என்று தளம் கேட்டது. கேட்டு முடிப்பதற்குள் மச்சான் ஆகட்டும் என்று அமுக்கிவிட்டான். அத்தானின் கைபேசியில் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்புப் பறந்தது. 'உங்கள் நண்பர், இயற்கை முடி நிபுணர், உங்களுடன் இணைய விரும்புகிறார்.' கீழே, இவரை அறிந்த மற்றவர்கள் என்று படங்களின் வரிசை.

அந்த வரிசைதான் குடியைக் கெடுத்தது. மேலாளர் பார்த்தால் அதில் துணை மேலாளர். துணை மேலாளர் பார்த்தால் மேலாளர். வருஷக்கணக்காக ஒருவர் முடியை இன்னொருவர் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் அதே வரிசையில் சந்தித்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் கடைத் தொலைபேசி அலறத் தொடங்கியது. வங்கிக்காரர் ஒருவர் இவர் எண்ணைப் பல் டாக்டர் என்று பதிந்து வைத்திருந்தாராம். பல் டாக்டர் எப்போதிலிருந்து முடி நிபுணர் ஆனார் என்று வீட்டில் அவருடைய மனைவி குடைகிறாராம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டோப்பாக்காரர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். தொண்டை கட்டும்வரை கேட்டார். அழைப்புகளைத் திரும்பப் பெறும் வழியை மச்சான் தேடிக்கொண்டே இருந்தான்.

வானிலைக்காரர் மட்டும் கூப்பிடவில்லை. அந்த மனிதரின் அலுவலகத்திலும் அந்த வரிசையை யாரோ பார்த்துவிட்டார்கள், குசுகுசுப்பு ஆரம்பித்துவிட்டது என்று மச்சான் விசாரித்துச் சொன்னான். டோப்பாக்காரர் சாப்பிடவில்லை.

அந்த வாரக் கடைசியில் வானிலைக்காரர் ஒரு வீடியோ போட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்கலங்கி, உண்மையாக வாழ்வது என்றால் என்ன என்று பேசினார். பிறகு முன்நெற்றியில் விரலைக் கொடுத்துப் பிடித்து இழுத்தார்.

"பின்னாடிலேர்ந்து, பின்னாடிலேர்ந்து எடுக்கணும்" என்று டோப்பாக்காரர் கைபேசியைப் பார்த்துக் கெஞ்சினார்.

முன்வரிசை கிழிந்தது. அந்த மனிதர் அதைக் கழற்றி மேசைமேல் போட்டார். துணிச்சல், உத்வேகம், வழுக்கைதான் அழகு என்று ஆயிரக்கணக்கில் பாராட்டு குவிந்தது. தன் மனைவிக்கு நன்றி சொன்னார், கடவுளுக்கு நன்றி சொன்னார், பின்தொடர்பவர்களுக்கு நன்றி சொன்னார். டோப்பாவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், இத்தனை வருஷம் நான் சுமந்த பொய் என்று. டோப்பாக்காரர் வீடியோவை நிறுத்தி, மேசைமேல் கிடந்ததைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து கைபேசியை வாங்கி வைத்தாள். அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

அதன்பிறகு கடைக்கு யாரும் வரவில்லை. வழுக்கை மோஸ்தராகிவிட்டது. துணை மேலாளரே மொட்டை அடித்துக்கொண்டு படம் போட்டார், மேலாளர் அதற்கு மெச்சி எழுதினார். மெயின் ரோட்டுப் பெரிய கடை, தலைக்கு மெருகு ஏற்றும் எண்ணெய் விற்க ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் தெருப் படிக்கட்டு வழியாகவே வானிலைக்காரர் ஏறி வந்தார். தலை பளபளவென்று இருந்தது. கோபம் எதுவும் இல்லை, சொல்லப்போனால் நன்றியோடுதான் வந்திருந்தார். அந்த அழைப்பு வராவிட்டால் தனக்கு இந்த வாழ்வு வந்திருக்காது என்றார். வானிலை வேலையை விட்டாயிற்றாம். கம்பெனிகளும் கல்லூரிகளும் பேசக் கூப்பிடுகின்றனவாம். எல்லா இடத்திலும் மேடையில் ஒரு தடவை கழற்றிக் காட்டச் சொல்கிறார்களாம்.

"நீங்க செஞ்ச இன்னொண்ணப் போட்டுப் பார்த்தேன், சிக்கலா இருக்குங்க. பின்வரிசையில இருக்கிறவங்களுக்கு அது டோப்பான்னே தெரியல. கழட்டினா, நிஜ முடியையே பிச்சுட்டேன்னு பயந்துடுறாங்க. பார்த்ததும் சிரிப்பு வரணும், சட்டுனு கையோட வரணும். அந்த மாதிரி மட்டமா நாலஞ்சு பண்ணிக் குடுங்க."

டோப்பாக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். வானிலைக்காரர் குரலைத் தாழ்த்தி, பெரிய பரிசு தருகிறவர் போல நெருங்கி வந்தார்.

"போற இடமெல்லாம் உங்க பேரச் சொல்றேன். பின்னாடி திரையில உங்க முகம், கடைப் பேரு, எல்லாம் வரும். இது இவரு கைவேலைன்னு ஊரே கேக்கும்."

ஐடியா மன்னனும் அன்றைக்குக் கடையில்தான் இருந்தான். இதைவிட நல்ல தளம் எங்கே கிடைக்கும் என்று அத்தானின் தொடையைக் கிள்ளினான்.

வேலை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் வீடு இல்லை. டோப்பாக்காரர் அளவு நாடாவை எடுத்து, மெருகேறிய அந்தத் தலையைச் சுற்றி அளந்தார். ஒரு வாரத்தில் தருவதாக ஒத்துக்கொண்டார். முன்நெற்றியை முழம் தள்ளித் தெரிகிற மாதிரி வைக்கிறேன், பசை வேண்டாம், சும்மா தலைமேல் உட்கார்ந்தால் போதும் என்று விவரமும் சொன்னார்.

பிறகு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, ஆளைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு சார். இதச் செஞ்சது நான்தான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."