நைட்டிக்கு அனுமதி இல்லை

எங்கள் ஊரப்பாக்கம் பள்ளியின் கேட்டில் ஒரு போர்டு தொங்கும்: நைட்டி, லுங்கியில் வரும் பெற்றோருக்கு அனுமதி இல்லை. பிரின்சிபால் சரோஜினி மேடத்தின் உத்தரவு. ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். போன வாரம் ஒரு நைட்டியை உள்ளே விட்டதற்காக வாட்ச்மேன் எலியேசர் அண்ணாவை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அன்று காலை என் வகுப்பு அபிகாயிலுக்கு வீசிங் வந்தது. பையிலிருந்த இன்ஹேலர் காலி. அவள் அம்மா ஜெரூஷாவுக்குப் போன் செய்தேன். வீடு பின்தெருவில்தான்.

"புதுசு வீட்ல இருக்கு டீச்சர், இதோ ஓடி வரேன்" என்றார் தூக்கக் குரலில்.

கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டது. மாடியில் பிரின்சிபால் அறையில் பிள்ளையை உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தோம். உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது.

"பின்தெருவிலேர்ந்து வர இவ்ளோ நேரமா? ஒரு மீட்டிங்குக்கும் வந்ததில்ல. பெத்த பொண்ணுமேல கூடவா அக்கறை இல்ல?" என்று மேடம் பொரிந்து தள்ளினார்.

கீழே கேட்டை யாரோ உலுக்கும் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நைட்டியோடு, காலில் செருப்புகூட இல்லாமல் ஜெரூஷா. கையில் இன்ஹேலர்.

"அண்ணா, உள்ள எம் பொண்ணு மூச்சு விட முடியாம கெடக்கா. தொறங்கண்ணா!"

"ஆபீஸ்ல யாரும் போன் எடுக்கலம்மா. கேக்காம விட்டா என் வேலை போயிடும்."

"மேடம், அவங்க அப்பவே வந்துட்டாங்க! நைட்டின்னு வெளியவே நிக்க வெச்சிருக்காரு!" என்று கத்தினேன். கத்தியதில் மரியாதை இல்லைதான். மரியாதை பார்க்கிற நேரமா அது?

மேடம் படியில் இறங்கி ஓடினார். புடவை தடுக்கி விழப் பார்த்தார். அவரே கேட்டைத் திறந்து, ஜெரூஷாவின் கையைப் பிடித்து மேலே இழுத்துவந்தார்.

இன்ஹேலரை இழுத்த கொஞ்ச நேரத்தில் அபிகாயிலின் இழுப்பு அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. "அம்மா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறைமலை நகர் கம்பெனில நைட் ஷிஃப்ட் மேடம். போன் வந்ததும் தூக்கத்துலேர்ந்து அப்படியே ஓடி வந்தேன்" என்றார் ஜெரூஷா. "மீட்டிங்குக்கும் ஒரு தடவ கம்பெனி பஸ்ஸ விட்டு இறங்கி நேரா வந்தேன். லேட்டுன்னு கேட்லயே திருப்பிட்டாங்க."

மேடத்தின் முகம் சுண்டிப்போனது. "மன்னிச்சிடுங்கம்மா. இனிமே எப்ப வேணா, எப்படி வேணா வாங்க. யாரும் தடுக்க மாட்டாங்க."

ஜெரூஷா மகளை அணைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"வரேன் மேடம். ஆனா நீங்க என்னை உள்ள கூப்புட, எம் பொண்ணுக்கு மூச்சு நிக்கணுமா?"