ஒழுங்கைக்கு இரண்டு கரண்ட்

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் எதிர்வீட்டில் இருக்கும். அங்கே போனால் எங்களுக்கு வரும். நாட்டில் மின்வெட்டு நடந்த அந்த வருடம், ஒழுங்கையின் இந்தப் பக்கத்தை ஒரு குறூப்பிலும் அந்தப் பக்கத்தை இன்னொரு குறூப்பிலும் போட்டுவிட்டார்கள். முகம் பார்த்துக் கதைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. எதிர்வீட்டில் இருப்பது என் மனைவி சுஹைராவின் தங்கை பஹ்மியா. இருவரும் கதைத்து அப்போது இரண்டு வருடமாகியிருந்தது.

காரணம் ஒரு அலுமாரி. எங்கள் வழக்கப்படி மூத்த மகளுக்குப் புதுவீடு கட்டிக் கொடுத்தார்கள். உம்மாவின் வீடு இளையவளுக்குப் போனது. அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. உம்மா மௌத்தான பிறகு, உள்ளே இருந்த அலுமாரி யாருக்கு என்பதில்தான் வந்தது. அது எங்கள் வாசலால் நுழையவே நுழையாது. நான் அளந்து பார்த்தேன். அளந்ததை வெளியில் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. பிறந்து வளர்ந்த வீட்டின் வாசலைச் சுஹைரா தினமும் பார்ப்பாள்; மிதிக்க மாட்டாள். அதைப் பார்க்க எனக்குத்தான் கவலையாக இருக்கும்.

இந்த நிலையில் நான் குஞ்சு பொரிக்கிற மெசின் ஒன்று வாங்கினேன். சல்லி என்கிற பக்கத்து ஊரில் ஒருவர், மீனுக்கு ஐஸ் போடும் பெட்டியில் பல்பைப் பூட்டிச் செய்தது. எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று வெறுத்துப்போய், கோழியாவது வளர்ப்போம் என்று ஒரு யோசனை. சூடு ஆறினால் எல்லாம் கூழ்முட்டைதான். அதனால் கரண்ட் போகிற நேரமெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"இஞ்சருங்க, முட்டையைத் திருப்பி வைக்கச் சொல்லுங்க, அந்த வீட்டாக்களிட்ட," என்று சுஹைரா கேற்றடியில் நின்று சொல்வாள்.

"எங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லுங்க மச்சான்," என்று பஹ்மியா வாசலில் நின்று சொல்வாள்.

ஒரு ஓட்டோ நுழைந்தால் ஆள் ஒதுங்க வேண்டிய ஒழுங்கை அது. இருந்தாலும் நான் இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. முறை மாற்றிப் போட்டபோது பெட்டி தூக்க ஆளில்லை, சுஹைராவே தூக்கினாள். முதல் நாள் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பிறகு, வயர் எட்டவில்லை என்று உள்ளே போனாள். பிறகு, எங்கள் பக்கம் கரண்ட் வரும்வரை அங்கேயே இருந்தாள். கதைத்தீர்களா என்று கேட்டேன்.

"முட்டையோட கதைச்சனான்," என்றாள்.

குஞ்சுகள் பொரித்தன. பாதி அந்த வீட்டுக்குப் போனது. பஹ்மியா அவற்றை மட்டைப்பெட்டியில் விட்டு, சூட்டுக்கு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். சுஹைரா மெசினில் அடுத்த முட்டைகளை அடுக்கினாள். அதோடு மின்வெட்டு நின்றுபோனது. நாடே சந்தோஷப்பட்டது. சுஹைரா மட்டும் கதிரையில் இருந்து, சுற்றுகிற ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசனை?"

"ஒண்டுமில்ல. கரண்ட் போகுதே இல்ல."

ஒரு நாள் மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு வேலை முடிந்து வந்தேன். ஒழுங்கை முழுக்க வெளிச்சம். எங்கள் வீடு மட்டும் இருட்டு. திரும்பினால், எதிர்வீடும் இருட்டு. நடு ஒழுங்கையில் சுஹைரா மெசினைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு நேர் முன்னால், கீச்சுக்கீச்சென்று கத்தும் மட்டைப்பெட்டியோடு பஹ்மியா. எங்கள் விறாந்தையை எட்டிப் பார்த்தேன். மெயின் சுவிட்ச் கீழே இறக்கியிருந்தது. எதிர்வீட்டில் பார்க்கத் தேவையில்லை.

"உங்கடயும் போயிட்டா ராத்தா?" என்றாள் பஹ்மியா.

"ஓம். எல்லா இடமும் போயிட்டு," என்றாள் சுஹைரா.

தெருவிளக்கு இருவரின் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் கதைத்த முதல் பேச்சே பச்சைப் பொய். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் முட்டை ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டியையும் வாங்கிக்கொண்டு முனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் குணரத்தினம் பிளக்கைக் காட்டினார்.

"வீட்டில கரண்ட் இல்லையோ?"

"இல்லை."

"எப்ப வருமாம்?"

திரும்பிப் பார்த்தேன். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. உம்மாவின் வீட்டு ஜன்னலில் யாரோ மெழுகுதிரி கொளுத்தினார்கள்.

"சுணங்கும்," என்றேன்.